வேலியில் படர்ந்த நஞ்சறுப்பான்



போன வாரம் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், பையனுக்கு வீசிங். காவேரிப்பட்டினத்துல அம்மா தினம் ஒரு நஞ்சறுப்பான் இலை மெல்லச் சொல்றாங்க. கொடுக்கலாமா?" என்றான். பத்தாம் வகுப்பில் இதே இலையைக் கொண்டுவந்து, "இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டவனும் இவன்தான். "பாடத்தைக் கவனிடா" என்று உட்கார வைத்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. பிறகு தேடிப் படித்ததை இப்போது எழுதுகிறேன்.

நஞ்சறுப்பான் எருக்குக்கு உறவான கொடி. இதன் வேரைச் சோழமண்டலக் கரையில் வாந்தி மருந்தாகக் கொடுத்ததைத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் பதிந்திருக்கிறார். 1868-இல் அரசு வெளியிட்ட இந்திய மருந்து நூலில் இதன் இலை இடம்பெற்றது. ஆனால் இலைக்குள் வேலை செய்வது எது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1935-இல் ரத்தினகிரீஸ்வரன், வெங்கடாசலம் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். டைலோஃபோரின், டைலோஃபோரினின் என்று இரண்டு ஆல்கலாய்டுகள். இந்த இருவர் பெயரும் எந்தப் பள்ளிப் பாடத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

பிரிக்கும் முறை உங்களுக்குப் புரியக்கூடியதுதான். உலர்ந்த இலைத்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்தால் பச்சையம், மெழுகு, சர்க்கரை எல்லாம் கலந்து இறங்கிவிடும். ஆல்கலாய்டு காரத்தன்மை உள்ளது. நீர்த்த அமிலம் சேர்த்தால் உப்பாக மாறி நீரில் கரையும். பச்சையமும் மெழுகும் கரையாமல் ஒதுங்கும். வடிகட்டி, அந்த நீரில் அம்மோனியா விட்டால் ஆல்கலாய்டு மீண்டும் விடுபடும். குளோரோஃபார்மில் குலுக்கி அதை எடுத்துவிடலாம். அமிலம், காரம், உப்பு என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதேதான்! சாக்பீஸை இலைச்சாற்றில் நிறுத்தி, நிறங்கள் தனித்தனியாக ஏறுவதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ரஷ்யர் ஸ்வெட் சுண்ணாம்புத்தூள் குழாயில் செய்ததும் அதன் பெரிய வடிவம்தான்.

பிரித்தால் போதுமா, இன்னதென்று அடையாளம் காண வேண்டாமா? அதைச் செய்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. இன்றைய கருவிகள் பெரும்பாலும் இல்லாத 1950-களில், மூலக்கூறைச் சிதைத்து, கிடைத்த துண்டுகளை இனங்கண்டு, முழு வடிவத்தை ஊகித்தார்கள். 24 கார்பன், 27 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 4 ஆக்சிஜன். ஊகம் சரிதானா? இலையே இல்லாமல் அதே பொருளை ஆய்வகத்தில் கட்டியெழுப்பி 1961-இல் நிரூபித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்திருந்தது.

சரி, ஆஸ்துமா? டெல்லியில் டாக்டர் சிவ்புரி 1960-களின் கடைசியில் நோயாளிகளைத் தினம் ஓர் இலை வீதம் 6 நாள் மெல்லச் சொன்னார். பலருக்குப் பலன் தெரிந்தது என்று எழுதினார். வாந்தியும் வாய்ப்புண்ணும் சிலருக்கு வந்தன. 1979-இல் வந்த இன்னொரு ஆய்வில், வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. டைலோஃபோரினோ செல் வளர்ச்சியையே தடுக்கும் வீரியமுள்ளது. ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் அவனிடம், "அம்மா சொல்றது பொய்யில்லப்பா. ஆனா குழந்தைக்கு வேண்டாம். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திடாதே" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று சிரித்தான்.

தென்பெண்ணைக் கரையில் எங்கள் பாட்டி வீட்டு வேலி இப்போது காம்பவுண்டு சுவர். யார் தோட்டத்திலாவது இந்தக் கொடி இருந்தால் படம் மட்டும் அனுப்புங்கள், பறிக்க வேண்டாம்.