விசைப்பலகை யாருக்கு?

தமிழ் நெடுங்கணக்கிலே எழுத்துக்கள் 247. தட்டச்சுப் பொறியொன்றிலே விசைகள் ஏறக்குறைய 46. ஒவ்வொரு விசையும் இரண்டு உருக்களைத் தாங்குமெனக் கொண்டாலும் தொகை 92க்கு மேற் செல்லாது. எஞ்சியவற்றை எங்கே வைப்பது? நேயர்களே, இந்தச் சிறு கணக்கிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

கணக்கைத் தீர்க்க முனைந்தவர் நம்மவர். 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த இராமலிங்கம் முத்தையா 1907இல் மலாயாவுக்குச் சென்றார். பின்னர் சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றிற் பணியாற்றினார். காரியாலயங்களில் ஆங்கிலப் பொறி ஓயாது ஒலித்த காலம் அது. தமிழுக்கும் அத்தகைய பொறியொன்று வேண்டுமென எண்ணிய முத்தையா, தமிழெழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்து நோக்கினார். அரவும் கொம்பும் சங்கிலிக் கொம்பும் பல எழுத்துக்களுக்குப் பொதுவானவை. அவற்றுக்கு ஒவ்வொரு விசை போதும். உகரமேறிய எழுத்துக்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலங் கொள்வன. அவை இலகுவில் அடங்கவில்லை.

புள்ளியின் கதை இன்னுஞ் சுவையானது. எழுத்தை அடித்தவுடன் தாள் ஓரிடம் நகர்ந்துவிடும். அதன்பின் புள்ளி வைப்பதெனிற் பொறியைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் நூறு முறை இவ்வாறு தள்ள நேருமாயின், எழுதுவினைஞன் பொறியை மூடிவைத்துவிட்டுப் பேனாவையே நாடுவான். ஆதலின் புள்ளிக்கு நகரா விசை அமைந்தது. முதலிற் புள்ளியை அடித்தாற் தாள் அசையாது நிற்கும். அடுத்து வரும் எழுத்து அப்புள்ளியின் கீழே வந்தமரும். கை எழுதும் ஒழுங்கு தலைகீழாயிற்று என்பது மெய்யே. மனிதன் பொறிக்காகச் சற்றே வளைந்தான். அதற்கு ஈடாக வேகத்தைப் பெற்றான். முதலாம் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மனியிலுள்ள சைடல் நௌமான் கொம்பனியார் வாயிலாக முத்தையாவின் பொறிகள் உருவாகி விற்பனைக்கு வந்தன.

இன்று பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நம் இளைஞர் இருவர் மூவராகக் கூடிக் கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்கித் தொழில் தொடங்குகின்றனர். இவற்றைத் தொடக்க நிறுவனங்கள் என்கிறோம். முத்தையாவும் அத்தகையவரே. அவர் செய்த வேலைக்கு அந்நாளிற் பெயரில்லை. பயனரை நடுவாகக் கொண்ட வடிவமைப்பு என்னும் தொடர் 1986இல் டொனால்ட் நோர்மனும் ஸ்டீபன் டிரேப்பரும் பதிப்பித்த நூலொன்றினாற் பரவிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த ஜோன் கூல்டும் கிளேட்டன் லூயிசும் மூன்று விதிகளைக் கூறியிருந்தனர். பயன்படுத்தப் போகின்றவரைத் தொடக்கத்திலேயே அறிக. அவர் கையிற் கொடுத்து அளந்து பார்க்க. கண்ட குறையைத் திருத்தி மறுபடியும் கொடுக்க. கேட்போர்க்கு இவை எளியனவாகத் தோன்றும். நடைமுறையில் முதலாவதையே பலர் செய்வதில்லை.

கூல்டின் குழுவினர் சொன்னதைச் செய்தும் காட்டினர். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில், பல மொழி பேசும் வீரர்கள் குரற் செய்திகளை அனுப்பவும் கேட்கவும் ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. செய்திக் கூண்டின் வெற்று மாதிரியொன்றை அவர்கள் தம் கட்டடத்தின் நடைவழியிலே நிறுத்தினர். உள்ளே இயந்திரம் ஏதுமில்லை. போவோர் வருவோர் நின்று பார்த்துக் குறை கூறினர். அக்குறைகளே வடிவத்தைத் திருத்தின. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஐவரைத் தேடுவதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. கல்கிசைச் சந்தியில் ஒரு முற்பகல் போதும்.

ஆயினும் அந்த ஐவர் யாவர் என்ற வினாவிலேதான் சிக்கல் இருக்கின்றது. தமிழ்க் கணினியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1999இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு தமிழ்99 என்னும் விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதன்மேற் புள்ளி தானே விழும். அம்மா என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுக்கள். பழைய பொறியிலே ஐந்து. இலக்கணத்தோடு இயைந்த இவ்வமைப்பைப் புதிதாகப் பழகும் சிறுவன் விரைவிற் கற்பான் என்பது என் எண்ணம்.

இலங்கையோ வேறு வழியைத் தேர்ந்தது. 2008ஆம் ஆண்டின் 1326ஆம் இலக்கத் தேசிய நியமம், பழைய தட்டச்சு வழக்கை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. நம் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் பாமினி முதலிய எழுத்துருக்களோடு பழகிய விரல்கள் ஆயிரமாயிரம். இருபது ஆண்டு பழகிய விரலை நோக்கி இன்று முதல் வேறுவிதமாக ஓடு என்று கட்டளையிடுவது இலகுவோ? சென்னை கற்கப் போகின்றவரை நினைத்தது. கொழும்பு கற்றுவிட்டவரை நினைத்தது. இரண்டும் பயனரை நினைத்த முடிவுகளே. தமிழ்99ஐயே நான் விரும்புவேனெனினும், ஓய்வுபெறும் வயதிலுள்ள தட்டச்சாளர் ஒருவரிடம் அதனை வற்புறுத்த எனக்கு மனம் வராது.

இவ்விருவரையுமன்றி மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். எம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் கைத்தொலைபேசியிலே தமிழை ஆங்கில எழுத்துக்களால் எழுதுகின்றனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாததன்று; விசை கைக்கெட்டவில்லை. வகுப்பாசிரியர் தமிழில் அனுப்பும் அறிவித்தலுக்கு வீட்டிலிருந்து வரும் விடை உரோம எழுத்திலே வருகின்றது. முத்தையா கண்ட 46 விசைகளுக்குப் பதில், இங்கே உள்ளங்கை அகலக் கண்ணாடியும் இரண்டு பெருவிரல்களும்.

இம்மூன்றாமவரைக் கண்டுகொண்டவருள் ஒருவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். 1985 முதலே முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை வளர்த்து வந்தவர் அவர். கைத்தொலைபேசியிலே தமிழிற் செய்தி எழுத உதவும் அவரது செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியாயிற்று. பின்னாளிற் பரவிய செல்லினத்திலே இரண்டு விசைப்பலகைகள் அருகருகே உள்ளன. ஒன்று தமிழ்99. மற்றையது அஞ்சல் முறை. அதில் ஆங்கில எழுத்துக்களை ஒலிப்படி தட்டத் தட்டத் திரையிலே தமிழெழுத்துத் தோன்றும். எதனைக் கொள்வதென்பதை எழுதுகின்றவரே தீர்மானிக்கலாம். விரலால் ஒருமுறை தொட்டால் மாறிவிடும்.