கோபுரம் எழுப்ப முடியாத இடம்

இருபது வருடம் லண்டனில் மினிகாப் ஓட்டினேன். ஊரிலிருந்து வரும் சொந்தங்களை ஹீத்ரோவில் ஏற்றிக்கொண்டு, வடக்கு ஓடுபாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் யன்னலைப் பூட்டிவிடுவேன். டீசல் புகை. பாதை அரை மைல்கூட இல்லை. ஆனால் நெரிசல் நாளில் ஒரு கலியாண வீட்டுக் கதை முழுவதையும் அதற்குள்ளேயே கேட்டு முடித்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வகுத்த ஓடுபாதைகள் முருகன் கோயில் அறுகோணச் சக்கரம்போல ஒன்றையொன்று வெட்டின. முனையங்கள் நடுவில் அகப்பட்டதால், நிலத்தடியில்தான் வழி விடவேண்டி வந்தது. வாகனங்களுக்கு இரண்டு பெரிய குழாய்கள். சைக்கிளுக்கும் நடப்பவர்க்கும் ஓரத்தில் இரண்டு சிறியவை. விமான நிலையத்துக்குச் சைக்கிளில் வருவார்கள் என்று நம்பிய காலம்!

புகையை வெளியேற்றும் வித்தை அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1927இல் திறந்த நியூயோர்க் ஹாலண்ட் சுரங்கத்துக்காக, யேல் பல்கலைக்கழகத்தில் மனிதர்களை அறைக்குள் இருத்தி, கார்பன் மோனொக்சைட்டை எவ்வளவு தாங்குவார்கள் என்று சோதித்தார்கள். 10,000 பங்கு காற்றில் 4 பங்கு என்றால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று கண்டார்கள். பிறகு 4 காற்றுக் கோபுரங்கள், 84 விசிறிகள். நல்ல காற்று தெருவுக்கு அடியிலிருந்து வரும், கெட்டது கூரை வழியே போகும். 90 விநாடிக்கொருமுறை முழுக்காற்றும் மாறும். பொறியாளர் கிளிஃபர்ட் ஹாலண்ட் அதைப் பார்க்கவில்லை. 1924இல், 41 வயதில் இறந்துபோனார். 1949இல் இரசாயனம் ஏற்றிய லொறி உள்ளே எரிந்தபோது 66 பேர் பாதிக்கப்பட்டனர்; அன்று ஒருவரும் சாகவில்லை.

ஓடுபாதையருகே அப்படிக் கோபுரம் எழுப்ப முடியாது, விமானம் மோதும். ஆகவே காற்றைத் தெருவின் நீளத்துக்கே ஓட்டவேண்டும். பாதி வேலையை வாகனங்களே செய்யும், சைக்கிள் பம்பின் தண்டு காற்றைத் தள்ளுவதுபோல. தீப்பிடித்தால் கூரை விசிறிகள் விநாடிக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தில் புகையை முன்னோக்கித் தள்ளவேண்டும். வேகம் குறைந்தால் அது கூரையோடு ஊர்ந்து பின்னுக்கு வரும். தீக்கு முன்னால் போனவர்கள் ஓட்டிக்கொண்டே வெளியேறிவிடுவார்கள், பின்னால் நிற்பவர்களுக்குச் சுத்தக் காற்று. கணக்கு அழகானது. ஆனால் முனைய வாசலில் பெட்டி இறக்குகிறவர்களின் வரிசை சுரங்கம்வரை நீண்டுவிட்டால், புகை போகும் பக்கத்திலும் ஆட்கள் அடைபட்டிருப்பார்கள்.

இப்போது மகன் ஓட்டுகிறான், நான் பின் இருக்கையில். சுரங்கத்துக்குள் இறங்கும்போது என் கண் கூரை விசிறியைத் தேடுவதில்லை. முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு எப்போது அணையும் என்றுதான் பார்க்கும்.