கடைக் கணக்குக்குக் கட்டற்ற மென்பொருள்

நெய்வேலி மெயின் பஜாரில் கடை வைத்திருப்போரும் என்.எல்.சி. ஒப்பந்தப் பணி எடுப்போரும் ‘இலவசமா?’ என்று மட்டும் பார்த்துக் கணக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்கிறோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம் நாம் அறிந்ததே.

சிறு கடைக்கு க்னூகேஷ் போதும். இரட்டைப் பதிவு முறை, இணையம் தேவையில்லை, கணக்குக் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. ரிட்டன் அதில் வராது. அதற்கு மும்பையில் உருவான ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் பொருத்தம். நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்தக் கூலி இலவசமல்ல!

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள், திருத்தங்களின் தடத்தை அழியாமல் பதியும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும்.

ஜகாத்துக்கு ஹிஜ்ரி ஆண்டுதான் கணக்கு. அது மார்ச் 31-இல் முடிவதில்லை. விரும்பிய தேதிக்கு இருப்புநிலைக் குறிப்பு இரண்டிலும் எடுக்கலாம். க்னூகேஷில் சரக்கு இருப்பை மட்டும் நாமே எண்ணிச் சேர்க்க வேண்டும்.