லோட் பட்டனுக்குப் பின்னால் ஒரு நிலா

புளியந்தோப்பில் தெரிந்தவர் ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எல்இடி போர்டு ரிப்பேர். அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய கீத்லி 2600 வரிசை சோர்ஸ் மீட்டர் ஒன்று இருக்கிறது. வோல்டேஜ் கொடுக்கும், கூடவே கரண்ட்டையும் அளக்கும். பெஞ்சில் உட்காரும் அண்ணனுக்கு வேலை அத்துப்படி, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரமாட்டார். "எனக்கு ஒரு பட்டன் போதும் தம்பி" என்றார். அந்தப் பட்டனைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

அளவைக் கருவியை வெளியிலிருந்து ஓட்டுவது பழைய விஷயம். ஹெச்பி கம்பெனி உருவாக்கிய கேபிள் முறை 1975ல் ஐஇஇஇ 488 என்ற தரமானது. 1990ல் எஸ்சிபிஐ வந்து, வேறு வேறு கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளைச் சொற்களைக் கொடுத்தது. இரண்டிலும் மூளை என்னவோ கம்ப்யூட்டரில்தான். கருவி கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

2005ல் வந்த 2600 வரிசையில் கீத்லி அந்த மூளையைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது. உள்ளே ஓடும் மொழி லுவா.

லுவா பிறந்தது பிரேசிலில், 1993ல், ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். 1977 முதல் 1992 வரை அங்கே கம்ப்யூட்டர், மென்பொருள் இறக்குமதிக்குக் கடும் தடை. அதனால் பெட்ரோப்ராஸ் எண்ணெய்க் கம்பெனிக்கு வேண்டியதை உள்ளூரிலேயே செய்ய வேண்டிய நிலை. ப்ரோக்ராமர் அல்லாத எஞ்சினியர்களும் எழுதக்கூடிய மொழியாக அதை உருவாக்கினார்கள். முந்தைய மொழியின் பெயர் சோல், போர்ச்சுக்கீசில் சூரியன். அதனால் இதற்கு லுவா, நிலா.

ப்ரோக்ராமர் அல்லாதவருக்கான மொழி புளியந்தோப்பு அண்ணனுக்கும் உதவியது. 'டிஸ்ப்ளே.லோட்மெனு.ஆட்' என்ற கட்டளைக்கு இரண்டு விஷயம் கொடுத்தால் போதும்: மெனுவில் தெரிய வேண்டிய பெயர், ஓட வேண்டிய கோடு. பிறகு லோட் பட்டன், யூசர், பெயரைத் தேர்ந்தெடுத்து ரன். இந்த வரியை ஆட்டோஎக்ஸெக் ஸ்கிரிப்டில் போட்டுவிட்டால், கருவியை ஆன் பண்ணும்போதெல்லாம் மெனுவும் தயாராக இருக்கும். பெயரை ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல்லாகவே வைத்தேன்: 'கசிவு'.

அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எவ்வளவு கசிஞ்சா ஃபெயில்னு யார் முடிவு பண்ணது?"

நான்தான். அவரைக் கேட்காமல் ஒரு எண்ணைக் கோடுக்குள் புதைத்திருந்தேன். அவருக்குப் பட்டன் மட்டும் மிச்சம். இருபது வருஷ அனுபவத்தை ஒரு வரியில் ஓரங்கட்டியிருக்கிறேன்.

மெஷின் ஒருவர் கையில், அதன் விதி இன்னொருவர் கையில் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பக்கத்துப் பெரம்பூரில், பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துத்தான்.

திருத்துவது சுலபமாகவே இருந்தது. 'டிஸ்ப்ளே.ப்ராம்ட்' என்று இன்னொரு கட்டளை. ஓடுவதற்கு முன் கருவியே எண்ணைக் கேட்கும். குறைந்தபட்சம், அதிகபட்சம் வரம்பும் போடலாம். இப்போது அந்த எண்ணை அண்ணன் முன்பக்கத்திலேயே திருகி வைக்கிறார். போர்டுக்குப் போர்டு அது மாறுகிறது. ஏன் மாற்றுகிறார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.