எழுத்தும் எழுத்துருவும்: புனேயின் குறியேற்றப் பணியும் தமிழ் இணையப்பக்க வடிவமைப்பும்

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவாகக் காட்டப்படவில்லை. எனவே, சுவடியைப் பதிப்பித்தோர் கண்ணுக்குத் தெரிந்த வடிவிலிருந்து எழுத்தை உய்த்துணர வேண்டியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் உருவான தமிழ் இணையப்பக்கங்களைப் படிக்க முற்படுவோரும் இன்று இத்தகைய நிலையையே எதிர்கொள்கின்றனர். இந்நிலை உருவான வகையையும் அது மாறிய முறையையும், புனே நகரில் நிகழ்ந்த குறியேற்றப் பணியின் பின்புலத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

புனேயில் அமைந்த அடித்தளம்

உயர்நிலைக் கணினியியல் வளர்ச்சி மையம் (சி-டாக்) 1988ஆம் ஆண்டு புனேயில் நிறுவப்பட்டது. மீத்திறன் கணினி உருவாக்கமே அதன் முதன்மை நோக்கமாயினும், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘ஜிஸ்ட்’ என்னும் இந்திய மொழித் தொழில்நுட்பமும் அங்கு வளர்க்கப்பட்டது. இப்பணியின் வழிவந்த ‘இஸ்கி’ குறியேற்றம் 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது.

பிராமியின் வழிவந்த எழுத்துமுறைகள் ஒலி அடிப்படையில் ஒத்தமைந்தவை என்பதே இஸ்கியின் அடிப்படைக் கொள்கை. தமிழ்க் ககரத்திற்கும் தேவநாகரிக் ககரத்திற்கும் அதில் ஒரே குறியெண். எழுத்து எது என்பதைக் குறியெண் உணர்த்தும். அது எவ்வடிவில் தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கும். திரையிலும் தாளிலும் வடிவங்களைக் காட்டுவதற்கெனப் புனே மையம் ‘இஸ்பாக்’ என்னும் எழுத்துருக் குறியீட்டு முறையைத் தனியே வகுத்தது. எழுத்தைச் சேமிப்பது ஒன்று, வடிவத்தைக் காட்டுவது மற்றொன்று என்னும் பகுப்பு இதனால் தெளிவாகிறது.

வடிவத்தை நம்பிய பக்கங்கள்

இணையத்தில் தமிழ் தோன்றியபோது இப்பகுப்பு பேணப்படவில்லை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கென அமைந்த இணையப்பக்கத்தில் தமிழ் இடம்பெற்றது, இம்முயற்சியில் நா. கோவிந்தசாமியின் பங்கு குறிப்பிடத்தக்கது. அக்கால உலாவிகள் ஒலிவழிக் குறியெண்ணைத் தமிழ் வடிவமாக மாற்றிக் காட்டும் திறன் பெற்றிருக்கவில்லை. எனவே வடிவமைப்பாளர் முன் இரு வழிகளே இருந்தன: சொற்களைப் படமாக்கி இடுதல், வடிவங்களின் குறியெண்களை நேரடியாகப் பக்கத்தில் எழுதி, உரிய எழுத்துருவைப் படிப்பவரின் கணினியில் நிறுவச் செய்தல்.

இரண்டாம் வழியே பெருகியது. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துருவைத் தரவிறக்குமாறு வேண்டும் அறிவிப்பு அக்கால வடிவமைப்பின் மரபாயிற்று. பின்னர், பக்கத்தோடு எழுத்துருவும் உடன் இறங்கும் இயங்கு எழுத்துரு முறை வந்தது. மைக்ரோசாப்ட் உலாவிக்கு ஒரு கோப்பும் நெட்ஸ்கேப் உலாவிக்கு வேறொரு கோப்பும் தேவைப்பட்டமையால் வடிவமைப்பாளரின் பணி இருமடங்காயிற்று.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ‘கொடு’ என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அப்பக்கங்களில் பதிவாயின. ககரத்தைத் தொடர்ந்து ஒகரம் வரும் என்னும் மொழியியல் வரிசை அங்கு இல்லை. மேலும், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியெண்களைக் கொண்டிருந்தது. உரிய எழுத்துரு இல்லையெனில் தமிழ்ப்பக்கம் பொருளற்ற உரோமன் எழுத்துகளாய்த் தோன்றியது. பார்வைக்குச் செம்மையாக அமைந்த பக்கத்திலும் ஒரு சொல்லைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ இயலவில்லை.

தரப்பாடும் விவாதமும்

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. மடற்குழுக்களின் கூட்டுழைப்பில் உருவான ‘டிஸ்கி’யும் வழக்கிலிருந்தது. இவை யாவும் 256 இடங்களுக்குள் வடிவங்களை அடக்கியவையே.

ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி இஸ்கியின் அமைப்பைத் தழுவியது. இதனால் புனேயில் பேணப்பட்ட பகுப்பு உலகத்தரமாயிற்று. எனினும் அதன் குறையும் உடன் வந்தது. பொது அட்டவணையில் அமைந்தமையால் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெற்றிடமாயின. னகரம் நகரத்தை அடுத்து நின்றது. ழகரமும் ளகரமும் தமிழ் நெடுங்கணக்கு முறைக்கு மாறாக அமைந்தன. உயிர்மெய்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற கருத்தும் வலுப்பெற்றது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அனைத்து எழுத்துக் குறியேற்றமான ‘டேஸ் 16’ஐயும் தரங்களாக அறிவித்தமை இவ்விவாதத்தின் விளைவாகும்.

வடிவமைப்பு பெற்ற விடுதலை

எழுத்தும் எழுத்துருவும் பிரிந்தபின் வடிவமைப்பாளர் பனுவலைச் சிதைக்காமல் தோற்றத்தை மாற்ற முடிந்தது. இணைய எழுத்துருக்களுக்கான ‘வோஃப்’ வடிவம் 2012இல் தரமாக ஏற்கப்பட்டது. முக்த மலர் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை முதலியவற்றின் துதிக்கை வடிவங்களையும், குறியெண்ணை மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றிக் காட்டவியலும். பழைய அச்சு நூல்களின் தோற்றத்தை மீட்டுருவாக்க விழையும் பதிப்பாளர்க்கு இது பெரும்பயன் தருவதாகும்.

முடிவுரை

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியது. அவ்வாறு மாற்றப்படாத இதழ்களும் படைப்புகளும், அவற்றுக்குரிய எழுத்துரு அழியுமாயின் படிக்கவியலாதனவாகிவிடும். எந்த எழுத்துருவில் ஒரு பக்கம் அமைந்தது என்னும் செய்தி, ஏடெழுதியவரின் கையெழுத்தைப் போலவே ஒரு பதிப்புச் சான்றாகும். எனவே தொடக்ககால இணையப்பக்கங்களைத் தொகுப்போர், அவற்றை அச்சுப்படியாக மட்டும் எடுத்துவைத்தல் போதாது. மூலக்கோப்பையும் எழுத்துருவையும் ஒருசேரக் காத்தல் வேண்டும். சுவடி காத்தலை மரபாகக் கொண்ட தமிழ்த்துறைகள் இப்பணியையும் தம் கடமையாக ஏற்பது இன்றியமையாதது.