பிடியரிசியும் சதக்காசும்

இலங்கையில் 1885ஆம் ஆண்டு தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி ஆரம்பமாயிற்று. வங்கிகள் பெரிய நகரங்களோடு நின்ற அக்காலத்தில், கிராமத்தவரின் சிறு தொகைகளும் தபாற்கந்தோர்ப் புத்தகத்தில் ஏறின. 1972இல் அது வேறு சேமிப்பு நிறுவனங்களுடன் இணைந்து தேசிய சேமிப்பு வங்கியாயிற்று.

ஆயினும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு முதற் பள்ளிக்கூடம் வீடே. உலையில் இடுமுன் தாய் ஒரு பிடி அரிசியைத் தருமத்துக்கென வேறாக எடுத்து வைப்பாள். அவ்வாறு சேர்ந்த பிடியரிசி கோயில்களுக்கும் சைவப் பாடசாலைகளுக்கும் உதவியது. சித்திரை வருடப்பிறப்பன்று கிடைத்த கைவிசேடக் காசு உண்டியலுக்குட் போயிற்று. கொடுப்பதையும் சேர்ப்பதையும் பிள்ளை கண்ணாற் கண்டு பழகியது.

ரொறன்ரோவுக்கும் இது புதிதன்று. 1905இல் இந்நகரப் பள்ளிக்கூடங்களில் பெனி வங்கி தொடங்கப்பட்டது. மாணவர் பள்ளியிலேயே சதங்களை வைப்பிலிட்டனர். 1940களில் அது மறைந்தது. 2013இல் ஒரு சத நாணய விநியோகமும் நின்றது.

1983இன் பின் வந்த எம்மவர் பலர் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளிலேயே முதலிற் குடியேறினர். உழைத்து வாடகை கொடுத்தனர், ஊருக்கும் அனுப்பினர். இன்றோ அட்டையைத் தட்டியதும் சாமான் வருகிறது. காசு போவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே வாடகைக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று பிள்ளைகளின் முன் எண்ணிக் காட்டுதல் பெற்றோர் கடமையாகும். அன்று பிள்ளை பழகியது, பிடியரிசி எடுத்த கையைப் பார்த்தே.