பாட்டியின் தையல் மெஷினும் ஒரு ஜாக்கெட்டின் வரலாறும்

குலசேகரத்தில் பாட்டி இறந்த பிறகு, அவர் வைத்திருந்த கால்மிதி உஷா தையல் மெஷின் என் பங்குக்கு வந்தது. "இரும்புக் கடையில போட்டிரு மக்களே" என்றார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டிக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

முதல் நாள் நூலே கிடையாது. அம்மா ஒரு கோடு போட்ட தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஊசித் துளை விழும்படி ஓட்டச் சொன்னார். பார்க்க எளிது, செய்யத்தான் கஷ்டம்! மேல் சக்கரத்தை நம்மை நோக்கிக் கையால் சுற்றிவிட்டு, அதே வேகத்தில் கால் சேர வேண்டும். கால் பிசகினால் சக்கரம் பின்னோக்கிப் போகும். நூல் கோத்திருந்தால் சிக்கி அறுந்துவிடும். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

நூல் கோக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கை ஊசிக்குக் காது மேலே இருக்கும். மெஷின் ஊசிக்கோ கூர்முனைக்குப் பக்கத்தில். அதனால் ஊசி முழுவதும் துணிக்குள் நுழைந்து வெளிவர வேண்டியதில்லை. நுனி மட்டும் இறங்கி ஒரு நூல் வளையத்தை விடும். கீழே ஷட்டில் அந்த வளையத்தோடு பாபின் நூலைப் பின்னிப் பூட்டிவிடும். இந்த வகைத் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார். 1851-ல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் அதைத் திருத்தி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் வழக்கில் தோற்று ஹோவுக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. நம் நாட்டு உஷா பிறந்தது 1930களில், கல்கத்தாவில்.

மெஷின் இழுப்பறையில் பாட்டியின் அளவு நோட்டு இருந்தது. பக்கம் பக்கமாக ஜாக்கெட் அளவுகள்தான். ஜாக்கெட்தானே என்று தோன்றும். ஆனால் இந்த மண்ணில் அது சும்மா வந்ததல்ல.

அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். நாடார் பெண்கள் மேலாடை அணிய உயர்சாதியினர் விடவில்லை. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரியார்களின் மனைவியர் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார்கள். மதம் மாறிய பெண்கள் தைத்த சட்டை போட்டார்கள். 1822-ல் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. பெண்களின் துணியைக் கிழித்தார்கள், அடித்தார்கள். இதுதான் தோள்சீலைக் கலகம். பல ஆண்டு போராட்டத்துக்குப் பின், 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் ஜாக்கெட் அணியலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாதாம்! அனுமதியிலும் ஒரு வேலி.

யோசித்துப் பாருங்கள். சிங்கர் காப்புரிமை வாங்கி எட்டு வருடம் கழித்துத்தான் இங்கே நாடார் பெண்கள் எல்லாரும் சட்டை போட இந்தப் பிரகடனம் வந்தது. அதே ஊரில் பின்னாளில் ஒரு பெண் வராந்தாவில் மெஷின் போட்டு, ஊரில் எல்லாருக்கும் ஜாக்கெட் தைத்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். என் பாட்டி கலகத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் யார் வந்து நின்றாலும் அவர் கேட்டது அளவு மட்டும்தான்.

நான் தைத்த முதல் தலையணை உறை கோணல்தான். பரவாயில்லை. பாட்டியின் நோட்டில் காலியாக இருந்த அடுத்த பக்கத்தில் அம்மாவின் அளவை எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடும் முன் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள் நண்பர்களே.